கிழிசலைப் படிக்கிறவர்கள்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. இந்த நாட்களில் காசிமேடு துறைமுகத்தில் வேலையே இருக்காது என்றுதான் சென்னையில் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வருஷத்திலேயே கரைவேலை அதிகம் நடப்பது அப்போதுதான். படகுகளைக் கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடிக்கிறார்கள். இன்ஜின்களைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். வெல்டிங் பொறி பறக்கிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவே சத்தமே இல்லாமல் ஒரு வேலை நடக்கிறது, வலை பின்னுகிற வேலை. அதைப் பார்க்கத்தான் போனேன்.

வலைப்பின்னும் கூடத்தில் இடம் போதாமல் வெளியே தார்ப்பாய் கட்டி அதன் நிழலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பச்சையும் நீலமுமாக வலை குவிந்து கிடக்கிறது. ஒரு காலை நீட்டி, கால் கட்டை விரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசியோடு ஒரு பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கும். கட்டுமரத்தில் தொடங்கி, பிறகு விசைப்படகில் ஓடி, முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் கரையில் உட்கார்ந்தவர். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் இப்படி வந்தவர்கள்தான்.

கிழிசலை அடைப்பது எப்படி என்று கேட்டேன். “மொதல்ல இன்னும் கிழிக்கணும் தம்பி” என்றார். பிய்ந்து தொங்கும் நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்து எடுத்தார். கை அகலம் இருந்த ஓட்டை இரண்டு முழமானது. ஒரு முழு முடிச்சிலிருந்து நான்கு நூல் புறப்படும். அவற்றைக் கால் என்கிறார்கள். ஒரு கால் மட்டும் அறுந்து, மூன்று கால் மிஞ்சியிருக்கும் முடிச்சைத் தேடிப் பிடித்து அங்கேதான் ஊசியை வைத்தார். “மூணு கால்ல ஆரம்பிச்சா மூணு கால்லதான் முடிக்கணும். நடுவுல பாக்கறதெல்லாம் ரெண்டு காலா இருக்கணும். கணக்கு தப்பினா வலை ஒருபக்கமா இழுக்கும். மொத இழுப்புலயே பிச்சிக்கினு போயிடும்.”

ஊசி கண்ணிக்குள் கீழிருந்து ஏறும், இரண்டு காலையும் பின்னால் சுற்றி வரும், தன் நூலுக்கு அடியிலேயே நுழைந்து வெளியேறும். இடது கைக் கட்டை விரல் அந்த இடத்தை அழுத்திக்கொள்ள, ஒரு சுண்டு. முடிச்சு இறுகிவிட்டது. கண்ணியின் அளவு பிசகாமல் இருக்க ஒரு சிறு மரச்சட்டம் வைத்திருந்தார். ஆனால் பெரும்பாலும் விரலே அளந்துவிடுகிறது. வலைத்துணியை இயந்திரம் நெய்து தருகிறது. கிழிந்ததை ஒட்ட இன்றைக்கும் கைதான். பருத்தி நூல் வலை இருந்த காலத்தில் வேலை இதைவிடக் கடினம். உப்பில் மட்கிப் போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்ற வேண்டும், கடலுக்குப் போய்வந்த வலையை உலர்த்த வேண்டும். நைலான் வந்த பிறகு அந்தப் பாடு ஒழிந்தது.

நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் பின்னலுக்கு முன்பே நடக்கிறது. ஒரு வலையை விரித்துப் போட்டதும் இவர்கள் அதைப் படிக்கிறார்கள். நீளமாக, ஒரே கோடாகக் கிழிந்திருந்தால் கடலடிப் பாரில், அதாவது பாறைத்திட்டில் உரசியது. கொத்துக் கொத்தாகச் சின்ன ஓட்டைகள் இருந்தால் பேத்தை மீன் கடித்தது. அதன் பல் நூலைக் கத்தரித்துவிடும். அடிப்பக்கம் முழுக்கப் பஞ்சு பஞ்சாகத் தேய்ந்திருந்தால், இழுவை மிகவும் தாழ்ந்து மண்ணை வாரியிருக்கிறது. படகோட்டி வாய் திறக்கும் முன்பே கடலில் நடந்த சேதி இந்தக் கூடத்துக்கு வந்துவிடுகிறது.

ஒரு வலையில் முழ நீளத்துக்குச் சீராக அறுத்த வெட்டு இருந்தது. பெரியவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “கத்தி போட்டிருக்காங்க. ஆமையா இருக்கும்” என்றார். சிக்கிய ஆமையை எடுக்க வலையை அறுத்திருப்பார்கள் என்கிறார். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் செத்து ஒதுங்கியதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும். இழுவை வலைக்குள் மணிக்கணக்கில் சிக்கினால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். முட்டையிட வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மாதங்களில் இழுவைப் படகுகள் கரையை ஒட்டி இழுக்கத் தடை உண்டு. ஆமை வெளியேற வழிவிடும் கம்பிச் சட்டத்தை வலைக்குள் பொருத்தவும் சொல்கிறார்கள். அந்த வழியாகப் பெரிய மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்கள் சொல்லும் குறை. குறை உண்மையாகவே இருக்கலாம். செத்துக் கிடந்த ஆமைகளும் உண்மை.

பக்கத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் தன் செவுள் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தடைக்கு முந்தைய ஓர் இரவில் அவர் போட்டுவைத்த வலையின் மேல் ஒரு பெரிய படகு ஏறிப் போய்விட்டது. மிதவைக் கயிறு துண்டு துண்டாகக் கிடந்தது. யார் படகு என்று கேட்டேன். “இருட்டுல இன்னாண்ணா தெரியும்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. யார் படகு என்று தெரிந்தாலும் இருவரும் ஒரே துறைமுகத்தில்தான் பிழைத்தாக வேண்டும்.

டீ நேரத்துப் பேச்செல்லாம் தடைக்கால நிவாரணம் பற்றித்தான். குடும்பத்துக்கு 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023இல் வந்தது. இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு என்று ஒரு அக்கா கேட்டார். அவர் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத் தெருவாக விற்பவர். பெரிய படகு வராத நாட்களில் ஃபைபர் படகில் வரும் கொஞ்ச மீனுக்கு அடிதடியாகப் போட்டி, விலை ஏறிவிடும், வாங்கப் பணம் வட்டிக்குத்தான் கிடைக்கும் என்றார். துறைமுகத்துப் பணம் புரள்வதே இந்தப் பெண்களின் கையால்தான். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

பெரியவரிடம் திரும்ப வந்தேன். இழுவை வலையின் வால்பகுதியை மடி என்கிறார்கள். அள்ளிய மீன் எல்லாம் கடைசியில் சேருவது அங்கே. அதன் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி. அவர் ஒரு மடியை எடுத்து என்னிடம் ஒரு முனையைக் கொடுத்து, தான் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். விரிந்திருந்த கண்ணியெல்லாம் சட்டென்று நீட்டிக்கொண்டு மூடியது. விரல்கூட நுழையவில்லை. “கடல்ல எடை ஏறுனா இப்டித்தான் ஆவும். அளவு சரியா இருந்தாலும் குஞ்சு வெளிய போவாது.” பிறகு அதே வலைத்துணியை மூலைவாட்டமாகத் திருப்பி இழுத்துக் காட்டினார். இப்போது கண்ணிகள் சதுரம் சதுரமாகத் திறந்தே நின்றன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் சதுரக் கண்ணி மடி இதுதான்.

அப்படியானால் ஏன் எல்லாரும் அதைப் போடுவதில்லை? “ஓனர் கேக்கறதத்தான் நான் பின்ன முடியும். சின்னக் கண்ணி கேட்டா சின்னக் கண்ணி.” கேட்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. டீசல், ஐஸ், ஆள் கூலி எல்லாம் போக, நல்ல மீன் குறைந்த நாளில் கைச்செலவுக்கு உதவுவது கழிசல் மீன்தான். விரல் நீளச் சங்கராவும் பெயர் தெரியாப் பொடிகளும் சேர்த்துக் கூடை கூடையாக மீன் மாவு ஆலைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகின்றன. அந்தப் பொடி அடுத்த வருஷத்து மீன். இனப்பெருக்கத்துக்கென்று இரண்டு மாதம் கடலை விட்டுவைத்து, மூன்றாம் மாதமே பிறந்ததை அள்ளினால் அந்தத் தடைக்கு என்ன பலன்?

படகுக்காரரைக் கடலில் துரத்திப் பிடித்து அபராதம் போடுவதால் இது தீராது. தடைக்காலத்தில் ஒவ்வொரு படகின் மடியும் இந்தக் கூடத்தில்தான் விரித்துக் கிடக்கிறது. மீன்வளத் துறை அளவுகோலோடு வர வேண்டிய இடமும் நேரமும் அதுதான். பழைய மடியைக் கழற்றிச் சதுரக் கண்ணி மடியைப் பொருத்தும் செலவை அரசு ஏற்கட்டும். பின்னுகிற கூலியை இந்தப் பெரியவர்களுக்கே கொடுக்கட்டும். கடையில் விரல் நீள வஞ்சிரக் குஞ்சை மலிவென்று அள்ளிப் போட்டால், நீங்களும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.