அலை இல்லாத இடம்

நவம்பர் பிறந்ததும் மெர்சிங் படகுத்துறையில் சத்தம் குறைந்துவிடும். தியோமானுக்குப் போகும் சுற்றுப்பயணிகள் கண்ணில் படமாட்டார்கள். தீவுகளில் பல தங்கும் விடுதிகள் கதவைச் சாத்திவிடும். என் சாப்பாட்டுக் கடைக்குக் காலையில் பசியாற வருபவர்கள் உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான். படகோட்டிகள் தே தாரிக் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கிளறிக்கொண்டு வந்து எங்கள் கரையில் மோதும் காலம் அது. மார்ச் வரைக்கும் இந்தக் கதைதான்.

ஊரே கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த மாதங்களில்தான் என் மகள் காரின் மேல் ஒரு நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். ஒரு வாரம் தேசாரு, மறுவாரம் செராத்திங். அலைச்சறுக்கு! குவாந்தானில் படிக்கப் போன பிள்ளை, படிப்போடு இதையும் கற்றுக்கொண்டு வந்து நின்றாள். மற்றவர்கள் வெயில் எப்போது அடிக்கும் என்று காத்திருந்தால், இவள் காற்று எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா? நம்ம ஆளுங்க செய்யற வேலையா இது?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். அவளிடம் பதில் தயாராக இருக்கும். சென்னைக்கு அருகே கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012இல் அலைச்சறுக்குப் பள்ளியே தொடங்கியதைச் சொல்வாள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டிக்காகவே பாரிஸை விட்டுவிட்டு, பசிபிக் கடலில் இருக்கும் தாஹிட்டித் தீவுக்குப் போனார்கள் என்பாள். அங்கே கடலுக்கு அடியில் பவளப் பாறை இருக்கிறதாம். அந்தப் பாறையில் எழும்பும் அலைக்காகத்தான் அவ்வளவு தூரம். அவள் அறைச் சுவரில் போர்ச்சுகலின் எரிசெய்ரா கடற்கரைப் படம் ஒட்டியிருக்கிறது. அதுவும் பாறை அலைதான், அட்லாண்டிக் கடலில். என்றாவது ஒருநாள் அங்கே போகவேண்டும் என்பது அவள் ஆசை.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். காரணம் அவளுக்குப் பாதிதான் தெரியும். அவளுக்கு ஒரு மாமா இருந்தார், சின்ன வயதிலேயே கடலில் போய்விட்டார் என்று மட்டும் சொல்லி வளர்த்திருந்தேன். மீதிப் பாதி எனக்கே தெரியாமல் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் இலங்கைவரை போகவேண்டி வந்தது.

1983 டிசம்பர். காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா, அம்மா இருவருமே பால்மரம் வெட்டுகிறவர்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை. பள்ளி விடுமுறை வேறு. ஒரு வாரம் விடாமல் பெய்த மழை திடீரென்று நின்று வெயில் அடித்ததும், பக்கத்து லயத்து மாமா ஒருவர் லோரி ஏற்பாடு செய்தார். பிள்ளைகள், பெரியவர்கள் என்று ஏறக்குறைய முப்பது பேர் மெர்சிங் கடலுக்குக் கிளம்பினோம். சோறும் கருவாட்டுக் குழம்பும் கட்டிக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது.

எங்களில் பலர் அன்றுதான் கடலையே பார்த்தோம். எனக்கு வயது 15. தம்பிக்கு 12. ஆற்றில் குதித்துப் பழகியவன், ஓரளவு நீந்துவான். இடப்பக்கமும் வலப்பக்கமும் அலைகள் வெள்ளையாக நுரைத்து விழுந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு பாதைபோல, லோரி அகலத்துக்கு, அலையே இல்லாமல் தண்ணீர் கருப்பாகப் படுத்திருந்தது. "அக்கா, எங்க எறங்கறது?" என்று கேட்டான். நான்தான் கையை நீட்டிக் காட்டினேன். "அங்க பாரு, அலையே இல்ல. அங்க போ."

நான் சேலைத்துண்டை விரித்துச் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அவன் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது. கரையைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தான். கைகள் வேகமாக அடித்தன. ஆனால் தூரம் குறையவில்லை. மாமா ஒருவர் இடுப்பளவு தண்ணீர்வரை ஓடி, அதற்குமேல் போகத் தெரியாமல் நின்று கத்தினார். மறுநாள் காலையில் மலாய் மீனவர்கள் தம்பியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்பா கடைசிவரை "கடல் கேட்டுச்சு, எடுத்துக்கிச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி நான் இதே மெர்சிங்குக்கு வாழ வந்தது விதியின் விளையாட்டு. கடையிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கடல். நான் நடந்ததில்லை. மகளுக்கும் ஒரே பாடம்தான் சொல்லிக்கொடுத்தேன்: தண்ணீரில் கால் வைக்காதே. ஏன், எங்கே, எப்போது என்றெல்லாம் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. தடை மட்டும்தான் தெரியும்.

போன வருடம் ஜூலையில் அவள் அறுகம்பேக்குப் போகிறேன் என்றாள். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், பொத்துவிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கடல் குளம்போலக் கிடக்கும் அந்த மாதங்களில்தான் அங்கே அலைக்காலம். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல்கள் கிளப்பிவிடும் அலை, பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து அந்தக் கரைக்கு வருகிறதாம். "தமிழ் பேசற ஊரும்மா, நீயும் வா" என்றாள். தடுக்க முடியாத பிள்ளையைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நானும் கிளம்பினேன். கொழும்பிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம்.

மீன்படகுகள் ஏற்றிவைத்திருக்கும் கரையைத் தாண்டி நடந்தால், நிலம் மூக்குபோலக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை. அங்கேதான் பெரிய அலை. வெளிநாட்டுப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் பலகையோடு வரிசைகட்டி நின்றார்கள். உள்ளூர்ப் பெண்களும் இருந்தார்கள். 2018இல் அங்கே பெண்களுக்கென்றே ஓர் அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்களாம். இலங்கையில் அதுதான் முதலாவது. அந்தப் பெண்களின் வீடுகளிலும் முதலில் என்னைப்போலத்தான் தடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவிடம், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். 2004 சுனாமியில் அந்த ஊர் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். மீன் கழுவிக்கொண்டே சொன்னார்: "பயம் இருக்குது அக்கா. எங்கட சனம் எத்தனை பேர் போனது. ஆனா கடலை விட்டுட்டு எங்க போற? அதைப் படிக்கத்தான் வேணும்."

படிப்பதா, கடலையா? அன்று மாலை மகள் எனக்குப் பாடம் நடத்தினாள். நீர் வற்றிய நேரம் அது. முனையோரம் பாறைகள் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

"அலை எங்க உடையணும்னு அலை முடிவு பண்றதில்லம்மா. தரைதான் முடிவு பண்ணுது" என்றாள். ஓடிவரும் அலையின் அடிப்பகுதி தரையில் உரசித் தயங்குகிறது. மேல்பகுதி அதே வேகத்தில் முன்னே சாய்ந்து விழுகிறது. ஒரு மீட்டர் உயர அலையென்றால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் உடையும். மணல்கரை மெதுவாகச் சரிவதால் அலையும் மெதுவாகக் கலைந்து விழும். பாறை திடீரென்று எழும்பி நிற்பதால் அலையும் திடீரென்று சுவர்போல எழுந்து சுருண்டு விழும். மணல் இன்று ஓரிடம், நாளை ஓரிடம். பாறை நகர்வதில்லை. அதனால் அலையும் அதே இடத்தில், அதே திசையில், திரும்பத் திரும்ப உடைகிறது. உலகம் முழுக்க இவர்கள் பாறை அலையைத் தேடி ஓடுவது அதற்காகத்தானாம். விழுந்தால் உடம்பு கிழியும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினாள்.

"சரி, கரைக்கு வந்து கொட்டற தண்ணியெல்லாம் எங்க போகுது?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

"நல்ல கேள்விம்மா" என்று உற்சாகமாகக் கையை நீட்டிக் காட்டினாள். பாறைக்குப் பக்கத்தில் ஆழமான ஒரு வாய்க்கால். கரையில் கொட்டிய தண்ணீர் அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது. ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடைவதில்லை. தண்ணீர் கருப்பாக, அமைதியாகத் தெரியும். "நாங்க உள்ள போறதே அந்த வழியாத்தான். ஓசிச் சவாரி மாதிரி, அதுவே இழுத்துட்டுப் போயிடும். நம்ம மெர்சிங்லயும் இந்த இழுப்பு உண்டு. அங்க மணல்ங்கிறதால ஒவ்வொரு மழைக்கும் இடம் மாறும். தெரியாதவங்க அலை இல்லாத இடம்தான் பத்திரம்னு நெனச்சு அங்கயே எறங்கிடுவாங்க. அதுதாம்மா ஆபத்தே."

நான் ஒன்றும் பேசவில்லை. இருபக்கமும் வெள்ளை நுரை, நடுவில் லோரி அகலத்துக்குக் கருத்த தண்ணீர். என் விரல் நீண்டது. "அங்க போ."

41 வருடங்களாகக் கடல் செய்ததாக நினைத்திருந்த காரியத்தில் என் கையும் இருந்தது. அந்த வயதில் அந்தச் செய்தி ஓர் அறைபோல இறங்கியது. இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடியற்காலையில் அவளை எழுப்பி, சோற்றுப் பானை முதல் நீட்டிய விரல்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?"

யாரும் இல்லை. லோரியில் வந்த முப்பது பேரில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மலாய் மீனவர்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

"மாமா கரையைப் பார்த்தே நீந்தினார்னு சொன்னியே. அந்த இழுப்பு விநாடிக்கு ரெண்டு மீட்டர்கூடப் போகும்மா. ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்த முடியாது" என்றாள். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் தானே தளர்ந்துவிடும். எதிர்த்துப் போராடிக் களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள். பதறாமல் மிதக்கவேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்கவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பைவிட்டு விலகி, அலை உடையும் பக்கமாகக் கரையேற வேண்டும். மீட்கத் தெரியாதவர்கள் பின்னால் குதிக்கக்கூடாது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு 999ஐ அழைக்கவேண்டும். நான்கைந்து வாக்கியங்கள்தான். பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் புரியாத ஒன்றும் அதில் இல்லை.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் சொல்வதா என்று யோசித்தேன். அம்மாவுக்கு 80 தாண்டிவிட்டது. தம்பி படத்துக்கு இன்னும் தினமும் விளக்கேற்றுகிறார். சொல்லவில்லை. அதைச் சுமக்க ஓர் ஆள் போதும்.

ஆனால் கடையில் சொல்கிறேன். ஆண்டு இறுதி விடுமுறையில் குளுவாங்கிலிருந்தும் கோத்தா திங்கியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். பின்சீட்டில் மிதவை வளையம் தெரிந்தால், ரொட்டி சானாய் தட்டை வைக்கும்போதே பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்பேன்: "கடல்ல எந்த இடத்துல எறங்குவீங்க?" பத்தில் எட்டுப் பிள்ளைகள் அலை இல்லாத இடத்தில் என்றுதான் சொல்கிறார்கள். சிவப்புக் கொடி இருந்தால் எங்கேயுமே இறங்கக்கூடாது என்பதிலிருந்து தொடங்குவேன். சில பெற்றோருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.

இந்த ஜனவரியில் ஒரு காலை, காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது. வானிலை எச்சரிக்கை எதுவும் இல்லை. மகள் பலகையைக் காரில் கட்டிக்கொண்டிருந்தாள். நானும் வருகிறேன் என்றேன். எந்தக் கடற்கரைக்கு என்று அவள் கேட்கவில்லை.

தம்பி போனபிறகு அந்த மணலில் நான் கால் வைத்தது அன்றுதான். மரங்கள் மாறியிருந்தன. கடல் அப்படியேதான் இருந்தது. பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கையை நீட்டினேன்.

"அதோ, அந்தக் கறுப்பா இருக்கற இடம்."

"சரியாப் பார்த்துட்டம்மா" என்றாள்.

பலகையைக் காலில் கட்டிக்கொண்டு அந்த வழியாகவே இறங்கினாள். தண்ணீர் அவளை இழுத்துக்கொண்டு போனது. தலை தேங்காய் அளவுக்குச் சிறுத்தது. என் நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன. அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அவள் பலகைமேல் எழுந்து உட்கார்ந்து, என் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினாள். பிறகு பக்கவாட்டில் துடுப்பாகக் கைகளைப் போட்டு நகர்ந்து, வெள்ளை நுரை விழும் இடத்துக்குப் போய், வந்த அலையில் ஏறிக் கரைக்கு வந்தாள்.