தாத்தாவின் துப்பாக்கி

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருப்பது தேர்தல் வந்தால்தான் தெருவுக்குத் தெரியும். பழைய வேட்டியில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய், காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவேன். "என்ன சார், புலி வேட்டையா?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

அது புதுச்சேரியில் தாத்தா வைத்திருந்தது. அப்பா வழியாக, வாரிசுச் சான்றிதழ், உரிமம் என்று முறைப்படி என்னிடம் வந்தது. குழல் இரண்டு. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று உள்ளே வழவழப்பு, ரவைத் தோட்டாவுக்கு. மற்றதில் திருகுவரி, ஒற்றைக் குண்டுக்கு. பிரெஞ்சில் 'ஃப்யுசி மிக்ஸ்த்'. ஊசுட்டேரியில் கிளுவை எழும்பினால் ஒரு விசை, புதரிலிருந்து பன்றி பாய்ந்தால் மற்ற விசை.

பிரான்சிலிருந்து வந்த அக்கா மகன், "இதைச் சரிபண்ணுங்க மாமா, எங்க ஊர்ல பன்றி வேட்டைக்குக் கூப்பிடறாங்க" என்றான். எனக்கும் ஆசைதான். தாத்தா சுட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

நகரத்தில் ஒரு பழைய துப்பாக்கிக் கடைக்கு உரிமத்தோடு எடுத்துப் போனேன். கடைக்காரர் குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். உள்ளே அம்மைத் தழும்பு மாதிரி துருக்குழிகள். வெளியே மரவரி போல அழகான கோடுகள். அந்த அழகுதான் வினை. இரும்பையும் எஃகையும் பட்டைகளாக முறுக்கிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழல், கருமருந்துக்கானது. 1884இல் பால் வியேய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். இன்றைய தோட்டாக்களில் இருப்பது அந்த வகைதான், அழுத்தம் அதிகம். குழலின் அடியில் செந்த் எத்தியேன் நகரத்துச் சோதனை முத்திரைகளை நான்தான் படித்துச் சொன்னேன். சோதனைக்கு அங்கே 'எப்ரேவ்' என்று பெயர், பள்ளியில் எங்களை நடுங்கவைத்த பரீட்சைக்கும் அதே சொல்தான். புகையில்லா மருந்தில் தேறியதற்கான 'பே தே' எழுத்துகள் எங்கும் இல்லை.

"கட்டை விரிசலை ஒட்டிடலாம், ஸ்பிரிங் மாத்திடலாம். சுடறதுக்குன்னா என்கிட்ட வராதீங்க சார், கை போயிடும்."

உள்ளே புதுக்குழல் செருகலாம் என்று அக்கா மகன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். சரி, செருகி இங்கே எதைச் சுடுவது? 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைச் சுருக்கியது, 1991 திருத்தம் மிச்சத்தையும் மூடியது. நம் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள் அதற்கும் முந்தியவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வேடந்தாங்கலில் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் 1790களிலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுத் தடுத்தார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரமாயிற்றே!

கட்டையை மட்டும் ஒட்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து வாங்கி வந்தேன்.

எனக்கு எழுபத்து நான்கு. மகள் உரிமம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு விலக்கு தருகிறது. அப்படியென்றால் குழலை நாமே கெடுத்து அடைக்க வேண்டும். அனுமதி வாங்கி வந்தால் அரைமணி நேர வேலை என்றார் கடைக்காரர்.

விண்ணப்பம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். ஊராருக்கு எத்தனையோ விண்ணப்பம் சரிபார்த்தவன் நான். இதில் கையெழுத்துக்கான இடம் மூன்று வாரமாகக் காலியாகவே இருக்கிறது.