பெயர் சுட்டா அகம்

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. வகுப்பில் இருபது ஆண்டுகளாக அதை விளக்கிவருகிறேன். நாட்பட்ட சர்க்கரை நோயால் ஆண்மை தளர்ந்து, மாத்திரையும் ஊசியும் பயனற்றுப்போனபோது, பெயர் சொல்லவியலாத வேறோர் அகம் எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டிலும் இருந்தது.

திருச்சி மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். 1973இல் ஹூஸ்டனில் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிவித்தது, திரவம் ஏற்றி விறைக்கச் செய்யும் கருவி. எனக்குப் பொருத்தவிருந்தவை மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த, விலை குறைந்த, வளையக்கூடிய இரு சிலிக்கோன் தண்டுகள். உள்திசு சிதைவதால் இயல்பான விறைப்பு இனி மீளாது. தொடுவுணர்ச்சி பெரும்பாலும் குறையாது; ஆசையைக் கருவி தராது.

கிருமி தொற்றினால் தண்டுகளையே அகற்ற நேரும். ஆகவே இரண்டு மாதம் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தேன். சிறுநீரில் தொற்றில்லை என்று உறுதிசெய்துகொண்டார்கள். உறவினரிடம் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம்.

பின்னர் வீக்கம், வலி, தளர்த்திக் கட்டிய வேட்டி, உத்தர வீதியில் மெதுநடை. ஆறு வாரம் விலகியிருக்க வேண்டும். அந்நாட்களில் ஓரிரவு மனைவி சொன்னாள்: “என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே மூன்று வருஷமா நினைச்சிட்டிருந்தேங்க.”

சர்க்கரையோடு வாழும் நண்பர்களுக்காகவே இதை எழுதினேன். விதிப்படி, பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.