ரெண்டு ஆசும் அஞ்சு பேரும்

304 விளையாடி வளர்ந்த ஆக்களுக்குப் போக்கர் மேசையில் முதலில் வாற குழப்பம் ஜாக். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு வெறும் 11. போக்கரில் ஆசுதான் பெரிசு, ஜாக் நாலாம் இடம். ரெண்டு ஜாக்கைக் கண்டவுடன் கண் விரியிற பழக்கம் ஒரு கிழமையில் போய்விடும். போகாத பழக்கம் இன்னொன்று: நல்ல கை வந்தால் நாங்கள்தான் வெல்லவேண்டும் என்ற நினைப்பு.

எங்கட விடுதியில் சனிக்கிழமை இரவுகளில் ஓடுவது லிமிட் ஹோல்டெம். காசு கிடையாது, நெருப்புக்குச்சிதான். கடைசியில் குச்சி குறைந்தவர் எல்லாருக்கும் பிளேன்ரீ வாங்கவேண்டும். ஆளுக்கு ரெண்டு மூடிய தாள். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (ஃப்ளொப்), பிறகு ஒன்று (டேர்ன்), கடைசியாக ஒன்று (ரிவர்). ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கட கை. நாலு சுற்றுப் பந்தயம். 'லிமிட்' என்றால் பந்தயத்தின் அளவு முதலே தீர்மானிக்கப்பட்டது. எங்கட மேசையில் முதல் ரெண்டு சுற்றில் 2 குச்சி, கடைசி ரெண்டில் 4. சினிமாவில் வாற மாதிரி இருக்கிற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மற்றவரை முறைக்க ஏலாது.

அதனால் ஒருவரையும் பயப்படுத்தவும் ஏலாது. 2 குச்சிக்கு யார் பயப்படுவார்? மேசையில் பாதிப் பேர் எதை வைத்திருந்தாலும் ஃப்ளொப்பைப் பார்க்க வருவார்கள். ரெண்டு ஆசு சராசரியாக 221 கைக்கு ஒருக்கால்தான் வரும். அது வந்த அன்று ஐந்து பேர் கூட வந்து, கடைசியில் யாரோ ஒருத்தர் ஏழும் நாலும் காட்டி வெல்லுவார். பிறகு ஒரே புலம்பல்தான்: "மச்சான், அதை வச்சுக்கொண்டு ஏன்டா வந்தனி?"

கணக்கைப் பார்ப்போம். என்ன தாள் என்று தெரியாத ஒரே ஒரு எதிராளியோடு கடைசி மட்டும் போனால், ரெண்டு ஆசு ஏறத்தாழ 85 வீதம் வெல்லும். எதிரில் ஐந்து பேர் என்றால் 49 வீதம். ஒன்பது பேர் என்றால் 31. அதாவது ஐந்து பேர் வந்தால், இருக்கிறதிலேயே சிறந்த கையோடு பாதிக்கு மேற்பட்ட தடவை தோற்கிறோம்.

ஆனால் ஆளுக்கு ஒரு பந்தயம் என்று வையுங்கள். ஒரு எதிராளி என்றால் குவியலில் ரெண்டு பந்தயம், அதில் 85 வீதம் எங்களுடையது. சராசரி இலாபம் 0.7. ஐந்து எதிராளி என்றால் குவியலில் ஆறு, அதில் 49 வீதம். இலாபம் கிட்டத்தட்ட 2. அடிக்கடி தோற்கிற இடத்தில்தான் கூட உழைக்கிறோம். அதனால்தான் பெரிய சோடி வந்தால் ஒளித்து வைக்காமல் முதல் சுற்றிலேயே ஏத்தவேண்டும்.

அந்தப் புலம்பல் எவ்வளவு சரி? எங்கட கையில் ரெண்டு கிங். ஏத்தினோம், நாலு பேர் வந்தார்கள், குவியலில் 21. ஃப்ளொப்: ஆடுதன் 9, ஆடுதன் 6, கலாவரை 2. (கிங் சோடிக்குப் பயம் ஆசு. அது ஃப்ளொப்பில் வருவது நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இங்கே வரவில்லை.) நாங்கள் 2 வைக்க, குவியல் 23. ரெண்டு ஆடுதன் வைத்திருப்பவர் 2 குச்சி போட்டு 23ஐக் குறி வைக்கிறார். அடுத்த தாளில் அவருக்கு ஆடுதன் வராமல் போக வாய்ப்பு நாலுக்கு ஒன்றுதான். அவர் வந்தது சரி. 9, 7 வைத்திருப்பவருக்கு உதவுகிற தாள் ஐந்துதான், எட்டுக்கு ஒன்று. குவியல் தருவதோ பன்னிரண்டுக்கு ஒன்று. அவரும் சரி! முதல் சுற்றில் நாங்கள் ஏத்திப் பெருப்பித்த குவியல்தான் அவர்களை நிற்க வைக்கிறது.

டேர்னில் பந்தயம் 4 ஆகும்போது கதை மாறும். இப்போது குவியல் 29, நாங்கள் வைக்க 33. முதலில் வருபவருக்கு எட்டுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது. ஆடுதன்காரர் இன்னும் சரி. 9, 7 வைத்தவர் கத்தி விளிம்பில். நடுவில் ஒரு இலக்கம் விடுபட்டு நாலு தாளை நம்பி நிற்பவர் பிழை. அவர் போடுகிற ஒவ்வொரு நாலு குச்சியிலும் கொஞ்சம் எங்களுக்கு.

ரிவரில் ஆடுதன் விழுந்து, அதுவரை சும்மா இருந்தவர் 4 வைக்கிறார். மற்றவர் தாளைப் போட்டுவிட்டார். குவியல் 45. "தெரியுது தானே, போடு" என்று மனம் சொல்லும். ஆனால் பதின்மூன்றில் ஒரு தடவை அல்ல, பன்னிரண்டில் ஒரு தடவை எங்கட கை பெரிதாக இருந்தாலே 4 குச்சி போட்டுப் பார்ப்பது சரி. பார்க்கிறோம், தோற்கிறோம். அதில் ஒரு பிழையும் இல்லை.

2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமைக் கிட்டத்தட்ட முழுதாகத் தீர்த்து 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். நிரலின் பெயர் செஃபியஸ். நீண்ட ஓட்டத்தில் அதை யாரும் குறிப்பிடத்தக்க அளவு வெல்ல ஏலாது. அந்த நிரலும் ஒவ்வொரு இரவும் எத்தனையோ கை தோற்கும். அது புலம்பாது, அவ்வளவுதான்.

எங்களில் மூன்று பேர் ரெண்டாந்தரம் ஏ.எல். எடுத்து வந்தவர்கள். முதல்தர முடிவு வந்த அன்று ஊரில் எல்லாரும் கேட்டது "எத்தினை?" என்றுதான். இசட் புள்ளி மட்டுந்தான் கணக்கு. எப்படிப் படித்தாய், அந்த மாதம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சீட்டை ஆயிரம் கை விளையாடலாம், சரியாக விளையாடினால் கணக்கு மெல்ல மெல்ல எங்கட பக்கம் வரும். சோதினையை மூன்று தரந்தான் எடுக்கலாம். இவ்வளவு குறைந்த தடவையில் வருகிற முடிவு ஒரு ஆளைப் பற்றிக் கொஞ்சந்தான் சொல்லும். ஆனால் அதை வைத்துத்தான் முழுத் தீர்ப்பும் எழுதுகிறோம்.

இதை "எல்லாம் அதிர்ஷ்டம்" என்று வாசிக்கவேண்டாம். டேர்னில் நாலு தாளை நம்பி நிற்பவர் வென்றாலும் பிழைதான். காசுக்கு விளையாடவும் சொல்லவில்லை. காட்ஸ் நடத்துகிற இடங்கள் ஒவ்வொரு குவியலிலும் தங்கட பங்கை எடுக்கும். சின்னப் பந்தய மேசையில் நல்ல சோடியின் இலாபத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். நெருப்புக்குச்சிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

எங்கட மேசையில் இப்போது ஒரு சட்டம். தோற்ற கையைப் பற்றிக் கதைக்கலாம், ஆனால் கடைசித் தாளில் இருந்து தொடங்கக் கூடாது. எத்தனை பேர் நின்றார்கள், குவியலில் எத்தனை குச்சி, நீ என்ன செய்தாய் என்று முதலில் சொல்லவேண்டும். பாதிக் கதைகள் அதோடு நின்றுவிடுகின்றன. மற்றப் பாதிக்கு பிளேன்ரீ ஆறும் மட்டும் சண்டை நடக்கும்.