சமையலறைத் தொட்டி கற்றுத் தந்த பாடம்



தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலை, எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. குழாயை மூடிய பின்னும் நீர் அப்படியே நின்றது. அதன்மேல் எண்ணெய்ப் படலம் மினுங்கியது. விருந்தினர் உண்ட தட்டுகள் ஒருபுறம்; பள்ளி திறக்குமுன் திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்கள் மறுபுறம். எனக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தவுடன் குற்றவாளியும் கிடைத்துவிட்டார்.

என் அம்மா. வயது 74. அப்பா மறைந்த பிறகு எங்களோடு வசிக்கிறார். ஒரு நாளைக்கு நான்கு முறை தேநீர் கலக்குவார். தேத்தூளும் சோற்றுப் பருக்கைகளும்தாம் குழாயை அடைத்துவிட்டன என்று எனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

“அம்மா, தேத்தூளைத் தொட்டியில கொட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் கொட்டலையே, பாப்பா,” என்றார். அதற்கு மேல் வாதாடவில்லை. சற்று நேரத்தில் தம் தட்டையும் குவளையையும் எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறக் குழாயடிக்குச் சென்று, குனிந்து கழுவத் தொடங்கினார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. பார்த்தேன், தடுக்கவில்லை. அன்று மாலை, தம்பி வீட்டுக்குச் சில நாள் போய்வரட்டுமா என்று கேட்டார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

தொட்டியைச் சரிசெய்ய முனைந்தேன். முதலில், பலரும் சொல்லும் வழி: சமையல் சோடாவைப் போட்டு அதன்மேல் வினிகரை ஊற்றினேன். நன்றாகவே நுரைத்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும் என்று வகுப்பில் கற்பிப்பவள் நான். கரியமில வாயு வெளியேறிய பின் எஞ்சுவது சிறிது உப்புக் கலந்த நீர்தான். அது கொழுப்பைக் கரைக்காது.

அடுத்து, கொதிநீரை ஊற்றக் கெட்டிலைத் தூக்கினேன். கணவர் தடுத்தார். தொட்டிக்குக் கீழே இருப்பது பிவிசி குழாய். ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் அது இளகத் தொடங்கிவிடும். கடையில் விற்கும் காஸ்டிக் சோடாவையும் வேண்டாமென்று விட்டோம். நீர் பட்டதும் கடுமையாகச் சூடேறும். தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும். பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அந்த வேலை எதற்கு?

பிறகு, தொட்டியின் மேல்விளிம்பருகே உள்ள வழிநீர்த் துளையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு, கைப்பிடி வைத்த இரப்பர்க் கிண்ணத்தால் இருபது முறை அழுத்திப் பார்த்தேன். நீர் அரை அங்குலம் இறங்கி, மீண்டும் நின்றுவிட்டது.

கடைசியில், அடியில் வாளியை வைத்து, வளைவுக் குழாயின் வளையங்களைக் கையால் திருகிக் கழற்றினேன். அந்த வளைவு காரணமின்றி அங்கே இல்லை. அதில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. இத்தகைய வளைவைக் கொண்ட கழிப்பறைக்கு 1775ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங், கடிகாரம் செய்பவர்.

வாளியில் விழுந்தது தேத்தூள் அன்று. சோற்றுப் பருக்கையும் அன்று. மெழுகுபோல் வெளுத்து இறுகிய கொழுப்புக் கட்டி. அதில் ஆட்டிறைச்சியின் வாடை.

தீபாவளியன்று இரவு, இறைச்சி சமைத்த பெரிய சட்டியைக் கழுவியவர் யார்? நான்தான். சுடுநீரும் சோப்பும் சேர்ந்தால் எண்ணெய் போய்விடும் என்று நம்பிக் கழுவினேன். போகத்தான் செய்தது, கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை. குழாய்க்குள் சூடு ஆறியதும் ஆட்டுக் கொழுப்பு உறைந்து சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் அடுத்த நாள் கொழுப்பு. 2017ஆம் ஆண்டில் இலண்டன் வைட்சாப்பல் பகுதியின் பாதாளச் சாக்கடையில், கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் சேர்ந்து இறுகிய 250 மீட்டர் நீளக் கட்டியைக் கண்டார்கள். எடை 130 டன். அதுவும் இப்படித்தான் சிறிது சிறிதாகச் சேர்ந்திருக்கும்.

பின்புறம் சென்றேன். “அம்மா, தேத்தூளை எங்க கொட்டுறீங்க?”

கறிவேப்பிலை மரத்தடியைக் காட்டினார். அங்கே மண் கறுத்துக் கிடந்தது. சமையலறைச் சன்னலிலிருந்து நாள்தோறும் நான் பார்க்கும் மரம் அது.

“தோட்டத்துல லயத்துக்கே ஒரு பைப்புதான். கொழுப்புச் சட்டியைச் சாம்பல் போட்டுத் துடைச்சிட்டுத்தான் தண்ணி ஊத்துவோம். கால்வாய் நாறினா எல்லார் வீட்டுக்கும்தானே நாறும்?” என்றார்.

“இதை ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

“நீ டீச்சரு. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

பேராக்கில் பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்தவர் அவர். ‘உற்றறிதல், ஊகித்தல், முடிவுக்கு வருதல்’ என்று பயிற்சிக் கல்லூரியில் படித்தவள் நான். உற்றறியாமலேயே முடிவுக்கு வந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். “போடி,” என்று சிரித்தார்.

பள்ளி திறந்த முதல் வாரம், வகுப்பின் பின்னால் தண்ணீர் கொட்டிக் கிடந்தது. ஆசிரிய நண்பர்களே, இத்தகைய வேளையில் முதலில் அழைக்கும் பெயர் ஒன்று உங்கள் வகுப்பிலும் இருக்கும். பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டு, “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டேன். ஒரு மாணவியின் தண்ணீர்ப் புட்டியின் மூடி உடைந்திருந்தது. ஆனால் அந்தப் பையன் அதற்குள் எழுந்து நின்றுவிட்டான். நான் அழைக்கவே இல்லை. அத்தனை பழகிப்போயிருக்கிறான்.

அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

இப்போது எங்கள் தொட்டியருகே பழைய மைலோ டின் ஒன்று இருக்கிறது. கொழுப்பும் எண்ணெயும் ஆறிய பின் அதில் சேரும். சட்டியைப் பழைய நாளிதழால் துடைத்த பிறகே தண்ணீர். துளையின்மேல் ஒரு சல்லடை. அம்மாவும் தம் குவளையை அங்கேயே நின்று கழுவுகிறார். தம்பி வீட்டுக்கு அவர் இன்னும் போகவில்லை.