உலை அணைந்த ஊர்

லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறி மேற்கே பிரயாணம் செய்தால், ஸ்வான்ஸீ நகருக்குச் சற்று முன்னதாகப் போர்ட் டால்பட் என்னும் வேல்ஸ் நாட்டு ஊர் வருகிறது. ஒரு புறம் மலை. மறு புறம் கடல். நடுவே கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் எஃகுத் தொழிற்சாலை. 1960-களில் இங்கே சுமார் 18,000 பேர் வேலை பார்த்தார்கள். தகப்பனும் பிள்ளையும் பேரனும் ஒரே வாசல் வழியே வேலைக்குப் போன குடும்பங்கள் இவ்வூரில் அநேகம்.

நமக்கும் இவ்வூர் முற்றிலும் அந்நியமன்று. 1912-ல் ஜாம்ஷெட்பூரில் எஃகு வார்க்கத் தொடங்கிய டாட்டா கம்பெனியார் 2007-ல் இந்த ஆலையை விலைக்கு வாங்கினார்கள். நம்மை ஆண்ட தேசத்தின் பெரிய உலைகளுக்கு நம்மவர் முதலாளி ஆனது குறித்துப் பெருமை கொண்டவர் பலர். பெருமையோடு பொறுப்பும் வந்து சேர்ந்தது.

இரும்புக் கல்லை உருக்க நிலக்கரியின் கல்கரி வேண்டும். அதன் புகை உலகத்தின் வெப்பத்தை உயர்த்துகிறது. ஆலையிலும் பெருத்த நஷ்டம். ஆகவே இரண்டு ஊதுலைகளில் ஒன்று 2024 ஜூலையிலும், மற்றொன்று செப்டம்பர் 30-ஆம் தேதியும் அணைக்கப்பட்டன. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டதும் அதே தினந்தான். பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் புதிய உலைக்கு 125 கோடி பவுன் செலவு. அதில் 50 கோடி சர்க்கார் பணம். கல்கரி அடுப்பும் இரும்புக் கல்லும் வேண்டாத அந்த உலைக்கு ஆட்களும் குறைவாகவே வேண்டும். பிரிட்டனில் கம்பெனி குறைத்த வேலைகள் சுமார் 2,800, பெரும்பகுதி இவ்வூரில்.

புதிய உலை எழும் வரையில் ஓர் ஊதுலையாவது எரியட்டும் என்று தொழிற்சங்கங்கள் மன்றாடின. கட்டுப்படியாகாது என்று முதலாளிகள் மறுத்தார்கள். புதிய உலையின் நிர்மாண வேலை 2025 ஜூலையில்தான் தொடங்கியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போர்ட் டால்பட்டில் கடைசி ஊதுலை அணைந்த அதே செப்டம்பரில், ஒரிஸ்ஸாவின் கலிங்கநகரில் அதே கம்பெனியார் மிகப் பெரிய ஊதுலை ஒன்றை மூட்டினார்கள். வளரும் தேசத்துக்கு எஃகு வேண்டியதுதான். ஆனால் அந்த உலையும் ஒரு நாள் அணைய வேண்டியதே.

புகை ஒழிவதன் பயன் உலகம் முழுவதற்கும். அதன் விலையை மட்டும் ஓர் ஊர் கொடுப்பது நியாயமாகுமா? புதிய அடுப்பை மூட்டிவிட்டுப் பழைய அடுப்பை அணைப்பதே குடும்பம் நடத்துகிறவர்களின் வழக்கம். தேசங்களும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.