சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்

சினிமா பைத்தியம், பாட்டுப் பைத்தியம் என்று எங்களைச் சொல்லாத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னார். ஊர்த்தெருப் பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா அடுப்படியிலிருந்தே "பாட்டு சோறு போடுமாடா?" என்று கேட்டாள். அதெல்லாம் பழகிவிட்டது. அமைப்புக்குள் வந்த பிறகும் அதே வார்த்தையைக் கேட்டதுதான் உறுத்தியது. "தோழர், சினிமாதான் நம்ம பிள்ளைங்களைக் கெடுக்குது. கட்அவுட்டுக்குப் பால் ஊத்துற நேரத்துல ரெண்டு புத்தகம் படிச்சா சமூகம் எங்கயோ போயிருக்கும்" என்று மூத்த தோழர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றி நாங்கள் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் காலனியில் பாட்டில்லாமல் ஒரு நாள் விடிந்ததில்லை. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, சாவு, ஏப்ரல் 14 என்று எதற்கும் முதல் நாள் சாயங்காலமே மரத்தில் குழாய் கட்டிவிடுவார்கள். அண்ணன்மார் காலத்தில் டேப் ரிக்கார்டர். பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவார்கள். 2006க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவி வந்தது. எங்கள் காலம் மெமரி கார்டு காலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மொபைல் கடையில் கார்டைக் கொடுத்து, "இளையராஜா ஒரு நூறு, ரஹ்மான் ஒரு ஐம்பது, மீதிக்கு கானா போடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு நிற்போம். ஏற்றி முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்ட நாட்களும் உண்டு.

ஆதிதிராவிடர் நல விடுதியில் சேர்ந்தபோது ஒரு அறையில் பதினான்கு பேர் இருந்தோம். நல்ல போன் ஒன்றுதான். இயர்போனின் ஒரு முனை ஒருவன் காதில், மறு முனை இன்னொருவன் காதில். ஒரே பாட்டில் ஒருவனுக்குத் தபலா அதிகம் கேட்கும், மற்றவனுக்கு வயலின் அதிகம் கேட்கும். பிறகு மாற்றிக்கொள்வோம். ஒரு பாட்டில் எத்தனை கருவிகள் இருக்கின்றன, எது எப்போது உள்ளே வருகிறது, பேஸ் கிடார் என்றால் என்ன என்பதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாதிப் பாதியாகக் கேட்டே கற்றுக்கொண்டோம். இசைப் பள்ளிக்குப் போகப் பணமில்லாத பிள்ளைகளுக்கு அந்த இயர்போன்தான் பள்ளி.

ஆனால் எந்தப் பாட்டை எங்கே, எவ்வளவு சத்தமாகக் கேட்கலாம் என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி ஊர்த்தெருவைத் தாண்டித்தான் காலனிக்கு வர வேண்டும். சட்டைப்பையில் போன் பாடிக்கொண்டிருக்கும். மாரியம்மன் கோயில் நெருங்கும்போது கட்டைவிரல் தானாகவே சத்தத்தைக் குறைக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. அண்ணன் குறைப்பதைப் பார்த்துத் தம்பி குறைக்கிறான். எழுபதுகளின் காதல் பாட்டு என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை, சில நேரம் திண்ணையில் இருப்பவரே கூடச் சேர்ந்து முணுமுணுப்பார். அம்பேத்கர் பாட்டு ஒலித்தால் மட்டும் அதே திண்ணையிலிருந்து "எவன்டா அது, நிறுத்துடா" என்று குரல் வரும். போன் அதே போன், சத்தமும் அதே சத்தம்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் தோழர்களுக்கு மகாராஷ்டிராவை நினைவூட்டுகிறோம். 2015 மே மாதம் ஷீர்டியில் ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவருடைய போனில் ரிங்டோனாக அம்பேத்கர் பாட்டு ஒலித்ததில்தான் தகராறு தொடங்கியது. தனக்குப் பிடித்த பாட்டைத் தன் போனில் வைத்திருந்தார், அவ்வளவுதான். எங்கள் கட்டைவிரலுக்கு ஏன் அந்தப் பழக்கம் வந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

தென் மாவட்டங்களிலிருந்து கல்லூரி விடுதிக்கு வந்த நண்பர்கள் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்கள். 1992இல் வந்த 'தேவர் மகன்' படத்தின் பாட்டு ஒன்றை அங்கே சாதிப் பெருமைப் பாட்டாகவே ஊர்வலங்களில் போடுகிறார்கள். அது ஒலிக்கும்போது சேரிப் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடுவார்களாம். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா. இந்த முரணை எப்படி எடுத்துக்கொள்வது என்று விடுதியில் ராத்திரி இரண்டு மணிவரை சண்டை போட்டிருக்கிறோம். இசையை ரசிக்கலாம், பயன்பாட்டை எதிர்க்கலாம் என்றான் ஒருவன். என் வீட்டுக் கதவைச் சாத்த வைக்கிற பாட்டில் நான் எதை ரசிக்கிறது என்று கேட்டான் இன்னொருவன். இன்றுவரை தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் எங்களில் பலருக்கு அதுதான் முதல் அரசியல் விவாதம். எந்த வாசகர் வட்டமும் ஏற்பாடு செய்ததல்ல.

திரையரங்குக்கு வருவோம். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயிலிலும் கூத்திலும் எங்கே நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. கொட்டகையில் டிக்கெட் முடிவு செய்தது. எங்கள் தாத்தாக்கள் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்து எம்ஜிஆர் படம் பார்த்தார்கள். தங்களை எழுப்பிவிட யாருக்கும் உரிமையில்லாத ஓர் இடத்தில் அவர்கள் உட்கார்ந்தது அந்த மணல் குவியலில்தான். முதல் நாள் முதல் காட்சிக்கு ஏன் உயிரை விடுகிறீர்கள் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். விசில் அடித்துத் தொண்டை கிழியக் கத்தினாலும் "யாருடா நீ, எந்தத் தெரு" என்று கேட்காத இடம் எங்களுக்கு நிறைய இல்லை.

அந்த இடமும் முழுசாக நமக்கு வந்துவிடவில்லை. 2023 மார்ச் மாதம் சென்னையின் ஒரு திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்தார்கள். காணொளி பரவிய பிறகுதான் கதவு திறந்தது. அதைப் படம் பிடித்துப் போட்டவர்களும் படம் பார்க்க வந்த ரசிகர்கள்தான்.

இன்னும் பின்னால் போனால் பி.கே. ரோசி இருக்கிறார். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தின் நாயகி, தலித் பெண். நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறுக்க முடியாத சாதி இந்துக்கள் அவரை ஊரை விட்டே துரத்தினார்கள். தமிழ்ப் பகுதிக்கு வந்து, முகம் மறைந்து வாழ்ந்து முடித்தார். 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டபோது, எங்கள் தங்கைகள் அதை ஸ்டேட்டஸ் வைத்தார்கள். அந்தத் தங்கைகளில் பாதிப் பேர் இரவுக் காட்சிக்குப் போனதே இல்லை. பாட்டு கேட்டாலே "யாருக்குடா போன்ல பேசுது" என்று சந்தேகப்படுகிற அண்ணன்கள் நம் காலனியிலும் இருக்கிறார்கள். ரசிகன் என்ற சொல் நம்மிடையே இன்னும் ஆண்பாலாகவே இருக்கிறது. அதையும் பேசித்தான் ஆக வேண்டும்.

எங்களைத் திரை எப்படிக் காட்டியது என்பது தனிக் கதை. ரொம்ப காலம் நாங்கள் திரையில் கைகட்டி நிற்கும் பண்ணையாளாக, நகைச்சுவைக்கு அடி வாங்கும் ஆளாக இருந்தோம். 2012இல் 'அட்டகத்தி' வந்தது. அதில் எங்கள் வீடு மாதிரியே ஒரு வீடு, எங்கள் அம்மா மாதிரியே ஒரு அம்மா. 2014இல் 'மெட்ராஸ்' வந்தபோது ஒரு சுவருக்காக இத்தனை பேர் சாவார்களா என்று நகரத்து நண்பர்கள் கேட்டார்கள். சுவரில் யார் படம் வரைவது என்பதற்காக அடிதடி நடந்த தெருக்களிலிருந்து வந்த எங்களுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. 2018இல் 'பரியேறும் பெருமாள்' பார்த்துவிட்டு வெளியே வந்தபோது வழக்கமாகப் படத்தைப் பிரித்து மேய்கிற கூட்டம் பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தது. வகுப்பில் ஆங்கிலம் புரியாமல் விழித்தவன், அப்பாவை அழைத்து வரச் சொன்னால் பயந்தவன் எங்களுக்குள்ளேயே பல பேர் இருந்தார்கள். சந்தோஷ் நாராயணன் இசையை அந்த மாதம் முழுக்கக் கேட்டோம். 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது தியேட்டர்கள் மூடிக்கிடந்தன. காலனி மைதானத்தில் வேட்டி கட்டி, வாடகை புரொஜெக்டரில் போட்டோம். குத்துச்சண்டைக்கு எங்கள் கிழவிகள் விசில் அடித்ததை அன்றுதான் பார்த்தோம்.

வீட்டுக்குள்ளேயே இருந்த இசை ஒன்று உண்டு. அப்பாக்கள் ஊர்ச் சாவுக்குப் பறை அடித்தவர்கள். கூலி என்று சொல்ல முடியாத கூலிக்கு, மறுத்தால் அடி விழும் என்ற பயத்தோடு அடித்தார்கள். ஒரு கட்டத்தில் எங்கள் காலனி கூடி, இனி எந்தச் சாவுக்கும் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. பறைகள் பரணுக்குப் போயின. அந்த முடிவுக்காக அப்பாக்கள் வயல் வேலையை இழந்தார்கள். அடுத்த தலைமுறையான நாங்கள் கல்லூரிக்குப் போய், கலைக்குழுவில் சேர்ந்து, அதே பறையைத் தோளில் மாட்டினோம். முதல் தடவை வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அப்பா தொடவில்லை. "இதுக்காகவா அதை விட்டோம்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. சில மாதம் கழித்து ஏப்ரல் 14 ஊர்வலத்தில் நாங்கள் அடிப்பதை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "அடி தப்புதுடா, குச்சிய இப்படிப் பிடி" என்றார். மறுத்ததும் சுயமரியாதை, எடுத்ததும் சுயமரியாதை. இரண்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம்தான்: யார் கூப்பிட்டு அடிக்கிறோம் என்பது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்தபோது, அப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியது. நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில் பா. ரஞ்சித்தும் தென்மாவும் சேர்த்த குழு அது. பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத தமிழர்கள்' என்ற சொல்லிலிருந்து எடுத்தார்கள். பாட்டுக்காகப் போன எங்களில் எத்தனையோ பேர் அந்தப் பெயரைத் தேடிப்போய் அயோத்திதாசரைப் படித்தார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படி என்று சொல்லியிருந்தால் படித்திருப்போமா தெரியாது. 2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அதே ஆண்டு ஒரு இசை இதழ் அந்தப் பாட்டை வைத்துப் போட்ட அட்டையில் அறிவைக் காணவில்லை. பா. ரஞ்சித் அதைப் பொதுவெளியில் கேட்டார், ரசிகர்கள் பின்னால் நின்றார்கள். பாட்டை எழுதியவன் எங்கே என்று கேட்பது ரசிகன் வேலைதான்.

மூத்த தோழர்கள் சொல்லும் பாதி சரி என்று தொடக்கத்தில் சொன்னோம். அதையும் சொல்லி முடிக்கிறோம். சாதிப் பாட்டும் சாதி வசனமும் இன்று பள்ளிப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் ஓடுகின்றன. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்த்துவிடலாம். காதில் ஓடுகிற பாட்டை எந்த உத்தரவும் அவிழ்க்காது. அதற்குப் பதில் பாட்டு வேண்டும், அதைக் கேட்டுப் பேச ஆள் வேண்டும்.

ஆகவே மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ப் பிள்ளை ஸ்பீக்கரோடு திரிகிறான் என்றால் முதலில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். என்ன பாட்டு என்று கேளுங்கள். யார் எழுதியது, யார் வாசித்தது, படத்தில் யாருக்காக வருகிறது என்று பேச்சை வளருங்கள். அவனுக்கு உங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். தெரிந்ததைச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிய விஷயம். மாதம் ஒரு படம் காலனியில் போடுங்கள். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, முதலில் பெண்களைப் பேசச் சொல்லுங்கள். நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி'யைப் போட்டுப் பாருங்கள். மராத்தி புரியாது, ஆனால் பன்றி பிடிக்கப் போகும்போது வகுப்புத் தோழர்கள் பார்க்கிறார்களே என்று கூனிக் குறுகுகிற அந்தப் பையனை நம் பிள்ளைகளுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை.

பால் ஊற்ற வேண்டாம் என்பதில் எங்களுக்கும் கருத்து வேறுபாடில்லை. பால் விலை எங்களுக்கும் தெரியும். ஆனால் பாட்டை நிறுத்து என்று ஊர்த்தெருவும் சொல்கிறது, நாமும் சொல்கிறோம் என்றால் அந்தப் பையன் எங்கே போய்ப் பாட்டு கேட்பான்? மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது அவன் விரல் சத்தத்தைக் குறைக்காமல் இருக்க வேண்டும். அதற்கு அவன் தனியாக நடந்தால் போதாது. அடுத்த தடவை அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நாமும் கூட இறங்கி நடப்போம்.

ஜெய்பீம்.